முதற்குடி யார் என்னும் வழக்கு

(உடப்புசல்லாவையில் ஓகஸ்ட் மாதத்தில் நடைபெற்ற மலையகக் கலைவிழாக் கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



இந்த மேடையிலே தப்பு முழங்கியது, கும்மி நடந்தது, மாசி மாதத்துக்குரிய காமன் கூத்தின் ஒரு பகுதியை நம் இளைஞர்கள் இன்றே ஆடிக் காட்டினார்கள். இக்கலைகளை நமக்குத் தந்தவர்கள் மன்னார்க் கரையிலே இறங்கி, காட்டுப் பாதை வழியே மாத்தளை நோக்கி நடந்து வந்தவர்கள். வழியிலே மாண்டவர் போக மீந்தவரே இம்மலைகளில் ஏறினர். கையிலே பொருளில்லை, நெஞ்சிலே தெய்வமும் கூத்தும் இருந்தன. வந்த இடத்திலே அவர்கள் புதிய தெய்வங்களையும் கண்டார்கள். தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்துக்கு ரோதைமுனி காவலானார். கவ்வாத்துக் கத்திக்குக் கவ்வாத்துச் சாமி துணையானார். இவை கடல் கடந்து வந்த தெய்வங்கள் அல்ல. இம்மண்ணின் உழைப்பிலே பிறந்தவை. ஒரு மக்கள் தாம் வாழும் மண்ணைத் தம் மண்ணாக ஏற்றுக்கொண்டதற்கு இதனினும் சிறந்த சாட்சி வேண்டுமோ?

நம் கலையின் பெருமையைப் பலரும் இங்கே பேசிவிட்டார்கள். இதே ஓகஸ்ட் மாதத்திலே இந்நாட்டில் நடைபெறும் வேறொரு விழாவைப் பற்றிச் சொல்லவே நான் எழுந்தேன். ஓகஸ்ட் 9 ஆம் நாளை உலக ஆதிக்குடிகள் நாளாக ஐக்கிய நாடுகள் சபை 1994 இல் அறிவித்தது. இலங்கையிலும் அந்நாளையொட்டி வேடர்கள் கூடுகிறார்கள். தோளிலே கோடரியும் கையிலே வில்லும் ஏந்திய பெரியவர்கள் வருகிறார்கள்; அவர்களுடைய ஆடலும் பாடலும் நடக்கின்றன; அமைச்சர்களும் அதிகாரிகளும் வந்து நல்லிணக்கம் பற்றிப் பேசுகிறார்கள். நம் விழாவுக்கும் அவ்விழாவுக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். பெரிய உறவு உண்டு. அதை எடுத்துரைப்பதே என் நோக்கம்.

யார் இந்த வேடர்?

இங்கிருந்து கிழக்கு நோக்கி மலைச்சரிவிலே இறங்கினால் உமா ஓயாப் பள்ளத்தாக்கு வரும். அப்பால் மகாவலியும் மகியங்கனைச் சமவெளியும். அதற்கும் கிழக்கே தம்பானை. நம் மலையிலே பெய்யும் மழை ஓடையாகி, ஆறாகி, மகாவலியோடு கலந்து பாயும் திசை அது. அங்கே வாழ்பவர்கள் தம்மை வன்னியலெத்தோ, அதாவது வனத்திலே வாழ்பவர், என்று சொல்லிக்கொள்வார்கள்.

வேடர் என்றால் தம்பானை மட்டுமே என்று எண்ணுவது தவறு. மட்டக்களப்பின் வடக்கே வாகரை, கதிரவெளிப் பக்கத்துக் கரையோரத்திலே வாழும் வேடர்கள் தமிழே பேசுகிறார்கள். கடலிலே மீன் பிடித்தும் சேனை செய்தும் பிழைக்கிறார்கள். சிங்களம் பேசும் வேடரும் தமிழ் பேசும் வேடரும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவர்கள். அயலவரின் மொழி அவர்களைச் சூழ்ந்தது. அவர்கள் தொகையோ கணக்கேட்டிலே கரைந்தது. 1953 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலே வேடர் என எண்ணப்பட்டவர் ஆயிரத்துக்கும் குறைவு. பின்னர் வந்த மதிப்பீடுகளிலே அவர்களுக்கெனத் தனி நிரலே இல்லாது போயிற்று. மக்கள் இருந்தார்கள், ஏட்டிலே பெயர் இல்லை. ஏட்டிலே பெயர் இல்லாதவர்க்கு என்ன நேரும் என்பதை 1948 க்குப் பின் வாழ்ந்து கண்ட மலையக மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இரு தரப்பின் ஆவணங்கள்

அன்பர்களே, இந்நாட்டு அரசியலிலே நெடுங்காலமாக ஒரு வழக்கு நடக்கிறது. இத்தீவுக்கு முதலில் வந்தவர் யார் என்பதே அவ்வழக்கு. சிங்களத் தரப்பினர் விசயன் வந்திறங்கிய நாளைக் காட்டுவர். தமிழ்த் தரப்பினர் அதற்கு முன்பே இங்கிருந்த ஈச்சரங்களைக் காட்டுவர். இரு தரப்பிலும் பேச்சாளர் தொண்டை வற்றப் பேசினார்கள். இளைஞர் இரத்தம் சிந்தினார்கள். தீர்ப்பு மட்டும் வரவில்லை.

ஒரு சட்டத்தரணி வழக்கைப் படிக்கும்போது இரு தரப்பு ஆவணங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது முறை. மகாவம்சத்தை எடுத்துப் பாருங்கள். விசயன் கரை சேர்ந்தபோது குவேனி ஒரு மரத்தடியிலே நூல் நூற்றுக்கொண்டிருந்தாள் என்று அந்நூலே கூறுகிறது. நூல் நூற்பவள் இருந்தாளென்றால் ஊர் இருந்தது, உடுப்பவர் இருந்தார்கள். இனி நம் தரப்பு ஆவணத்தைப் பாருங்கள். கதிர்காமத்திலே முருகன் மணந்த வள்ளி யார்? வேடர் குலத்து மகள். முருகன் தேடி வந்தான். அவள் ஏற்கனவே அங்கே தினைப்புனம் காத்திருந்தாள். ஆக, வாதியின் ஆவணமும் பிரதிவாதியின் ஆவணமும் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கின்றன. இருவரும் வருமுன்னே இங்கே ஒரு மக்கள் இருந்தார்கள். அவர்களோ வழக்கிலே கட்சிக்காரராகவும் சேர்க்கப்படவில்லை, சாட்சியாகவும் அழைக்கப்படவில்லை.

கண்ணப்பரை அறுபத்து மூவரில் ஒருவராக வைத்துக் கும்பிடுகிறோம். வள்ளியம்மையைத் தாயென்று வணங்குகிறோம். அவர்கள் வழிவந்தவரைப் போன்ற மக்கள் நம்மிடையே நடமாடும்போது "காட்டான்" என்று ஏசுவோரும் நம் நடுவே உண்டு. கோயிலிலே வைத்த மதிப்பை வீதியிலே எடுத்துவிடுவது என்ன நீதி?

ஓகஸ்ட் 9 உம் மற்ற நாள்களும்

விழா நாளிலே வேடர் தலைவருக்கு முன்வரிசை நாற்காலி உண்டு. மற்ற நாள்களிலே அவர் நிலை என்ன? மகாவலித் திட்டத்தின் நீரேந்து பரப்பைக் காக்கவென 1983 ஆம் ஆண்டு மதுரு ஓயா தேசிய வனம் அறிவிக்கப்பட்டது. காட்டைக் காப்பது நல்ல நோக்கமே. ஆனால் அந்தக் காட்டிலே தலைமுறை தலைமுறையாகத் தேன் எடுத்து, கிழங்கு அகழ்ந்து, வேட்டையாடி வாழ்ந்தவர்க்கு அன்றிலிருந்து காட்டுக்குள் நுழைவதே குற்றமாயிற்று. பலர் மகாவலிக் குடியேற்றங்களுக்கு மாற்றப்பட்டார்கள். திசாஹாமி என்ற முதுபெருந் தலைவர் தம் ஊரை விட்டு அசைய மறுத்து, 1998 இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். அவர் மகன் ஊருவரிகே வன்னியலெத்தோ 1996 இல் ஜெனீவா வரை சென்று ஐக்கிய நாடுகள் சபையின் செயற்குழுவிலே தம் மக்களின் முறையீட்டை வைத்தார்.

அத்தோடு முடியவில்லை. 2020 களின் தொடக்கத்திலே பொல்லேபெத்த, றம்பக்கன் ஓயாப் பகுதியிலே சோளச் செய்கைக்கெனக் காடு வெட்டப்பட்டபோது, அதே தலைவர் சுற்றாடல் அமைப்பொன்றோடு சேர்ந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று. விறகு வெட்டப் போன வேடன் குற்றவாளி; இயந்திரம் கொண்டு காட்டையே வெட்டியவர் அபிவிருத்தியாளர்! இதுவா நல்லிணக்கம்?

"ஆளில்லாக் காணி" என்னும் பொய்

இந்த அநீதியின் வேர் எங்கே இருக்கிறது? கடல் கடந்து ஒரு கணம் அவுஸ்திரேலியாவைப் பாருங்கள். நம் உறவினர் பலர் இன்று குடியேறி வாழும் நாடு அது. அங்கே பொதுக் கூட்டம் தொடங்கும்போது, அந்த நிலத்தின் ஆதிக்குடிகளை நினைவுகூர்ந்து மதிப்புரை கூறுவது இன்று வழக்கமாகிவிட்டது. ஆண்டுதோறும் மே 27 முதல் ஜூன் 3 வரை நல்லிணக்க வாரம் கொண்டாடுகிறார்கள்.

அந்த இரு தேதிகளுக்கும் பொருள் உண்டு. 1967 மே 27 இல் நடந்த சர்வசன வாக்கெடுப்பிலே நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவர் ஆதிக்குடிகளுக்குச் சார்பாக அரசியலமைப்பைத் திருத்த வாக்களித்தார்கள். அதுவரை குடிசனத் தொகையைக் கணக்கிடும்போது ஆதிக்குடிகளைச் சேர்க்கலாகாது என்றே அந்த அரசியலமைப்பு விதித்திருந்தது. 1992 ஜூன் 3 இல் வந்தது மாபோ தீர்ப்பு. ஆங்கிலேயர் வந்தபோது அந்நிலம் எவருக்கும் உரியதன்று என்ற கோட்பாட்டின்மீதே இரு நூற்றாண்டுக் காணிச் சட்டம் அங்கே நின்றது. முறே தீவைச் சேர்ந்த எடி மாபோவும் அவர் தோழர்களும் அத்தீவின் தோட்டங்களுக்கு எல்லையும் உரிமையாளரும் உண்டென்று காட்டினார்கள். பத்தாண்டு நடந்த வழக்கிலே உயர் நீதிமன்றம் ஆறுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையால் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைக் கேட்க மாபோ உயிரோடு இல்லை; சில மாதங்களுக்கு முன்பே மறைந்துவிட்டார்.

"ஆளில்லாக் காணி" என்ற அந்தப் பொய்க்கு இலங்கையிலும் ஓர் உடன்பிறப்பு உண்டு. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே அது. காடும், தரிசும், பயிரிடாத நிலமும், எவரும் குடியிராத நிலமும் முடிக்குரியவை என்று கொள்ளப்படும்; அல்லவென்று சொல்பவரே நிரூபிக்க வேண்டும் என்றது அச்சட்டம். கண்டி நாட்டுச் சேனைக் காணிகளுக்கு அரச சன்னதமோ வரி செலுத்திய சான்றோ காட்ட வேண்டும் என்றது. பாட்டன் உழுததற்குப் பேரனிடம் பத்திரம் கேட்டார்கள். பத்திரம் இல்லாத காணி முடிக்குப் போயிற்று; முடியிடமிருந்து கோப்பித் துரைமாரிடம் போயிற்று. வேடனின் காடும் சிங்களக் கிராமத்தவனின் சேனையும் அந்த ஒரே அனுமானத்தின் கீழ் அகப்பட்டன.

வலப்பனையும் நாமும்

நம் அயலிலுள்ள வலப்பனையின் கதையை நம் பிள்ளைகள் அறியவேண்டும். 1880 களிலே நெல்வரி கட்டத் தவறிய ஏழை விவசாயிகளின் வயல்களை அரசாங்கம் விற்றது. சில ரூபாய் நிலுவைக்காகப் பரம்பரை வயல் கைமாறியது. வயலை இழந்த குடும்பங்கள் பசியாலும் நோயாலும் மடிந்தன. நுவரெலியாவிலே உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர் என்ற ஆங்கிலேயரே அக்கொடுமையை எழுதி அம்பலப்படுத்தினார். அதனால் எழுந்த கிளர்ச்சியின் முடிவிலே 1890 களின் தொடக்கத்தில் நெல்வரி ஒழிந்தது. மாண்டவர் மீளவில்லை, போன வயல் திரும்பவில்லை.

அதே ஆண்டுகளிலேதான் நோயால் அழிந்த கோப்பிக்குப் பதிலாகத் தேயிலை இம்மலைகளிலே பரவிற்று. நம் முன்னோர் லயங்களிலே அடைக்கப்பட்டு, பெரட்டிலே நிறுத்தப்பட்டு, துண்டு முறையாலும் கங்காணிக் கடனாலும் கட்டப்பட்டிருந்தார்கள். கீழே ஒருவன் நிலத்தை இழந்தான். மேலே இன்னொருவன் நிலத்தோடு பிணைக்கப்பட்டான். இருவரையும் அந்நிலைக்கு ஆளாக்கிய ஆட்சி ஒன்றே. ஆனால் பின்வந்த அரசியல்வாதிகள் கிராமத்தவனிடம் போய் என்ன சொன்னார்கள்? "உன் காணியைத் தமிழன் பறித்தான்" என்றார்கள். கூலிக்கு மண்வெட்டி பிடித்தவன் எப்போது காணி பறித்தான்? எந்தக் காணிக் கச்சேரியிலே அவன் பெயரில் உறுதி எழுதப்பட்டது?

அந்தப் பொய்யின் மேலே எழுந்ததே 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம். 1964 ஒக்டோபர் 30 இல் இரு பிரதமர்கள் கையொப்பமிட்டு, 9,75,000 பேரை மூன்று கூறாக்கினார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பேசித் தீர்ப்பதற்கு. எந்த லயத்திலும் எவரிடமும் விருப்பம் கேட்கப்படவில்லை. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்பே நாடற்றோர் என்ற நிலைக்கு முடிவு பிறந்தது. வாக்கு வந்தது, பிரசாவுரிமை வந்தது, காணி வந்ததா? உடப்புசல்லாவைத் தேயிலை என்று உலகச் சந்தையிலே தனிப்பெயர் உண்டு. அந்தக் கொழுந்தைப் பறிக்கும் தாயின் பெயரிலே ஒரு பேர்ச்சஸ் காணிக்கு உறுதி இல்லாத குடும்பங்களே இன்றும் பெரும்பாலானவை.

உரிமையின் அடிப்படை எது?

நம் இளைஞர் சிலர், "நாங்களும் இம்மலையின் ஆதிக்குடிகள் என்று கோரினால் என்ன?" என்று கேட்கிறார்கள். அவர்கள் உணர்ச்சியை நான் மதிக்கிறேன். 'வந்தேறிகள்' என்ற வசையைக் கேட்டுக் கேட்டுப் புண்பட்ட நெஞ்சிலிருந்து எழும் கேள்வி அது. ஆயினும் அந்தக் கோரிக்கை நமக்கு வேண்டாம். உண்மையல்லாததை வழக்குரையிலே எழுதினால், உண்மையான பகுதியும் சேர்ந்து தள்ளுபடியாகும்.

முந்தி வந்தவர்க்கே உரிமை என்ற விதியை ஏற்றுக்கொண்டால் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஆகிய அனைவரும் தம்பானைப் பெரியவரிடம் விண்ணப்பம் எழுதிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மனிதனுக்கு நாட்டிலே உரிமை தருவது அவன் பிறப்பு, அவன் வாழ்வு, அவன் உழைப்பு. இரு நூற்றாண்டு உழைப்புக்கு மேல் நமக்கு வேறு பழைமை வேண்டியதில்லை. வேடர்களுக்குத் தனியாக ஒரு நீதி வேண்டும் என்கிறோமே, அது ஏன்? அவர்கள் பந்தயத்திலே முந்தியதால் அல்ல. அவர்கள் கையிலிருந்ததை அவர்களைக் கேளாமலே எடுத்துவிட்டதால். கேளாமல் எடுத்ததைக் கேட்டுத் திருத்துவதே நல்லிணக்கம்.

2023 ஜூலை மாதக் கடைசியிலே தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம் மக்கள் நடைபயணம் புறப்பட்டு, ஓகஸ்ட் 12 இல் முடித்ததை நினைத்துப் பாருங்கள். முன்னோர் நடந்த வழியை நடந்தவர்கள், நாங்களே முந்தியவர் என்று கூறவில்லை. இருநூறு ஆண்டு உழைத்த எங்களை இந்நாட்டின் சமக்குடிகளாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார்கள். வழியிலே சிங்கள மக்களும் முஸ்லிம் மக்களும் அவர்களை வரவேற்றார்கள். உண்மையான கோரிக்கைக்கு அயலவன் செவி சாய்ப்பான் என்பதற்கு அது சான்று.

மன்னிப்பும் மண்ணும்

நல்ல வார்த்தை மட்டும் போதுமா என்ற கேள்விக்கும் அவுஸ்திரேலியாவே விடை தருகிறது. 2008 பெப்ரவரி 13 இல் பிரதமர் கெவின் ரட், பெற்றோரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஆதிக்குடிப் பிள்ளைகளிடம் நாடாளுமன்றத்திலே மன்னிப்புக் கேட்டார். கேட்டவர் கண்ணீர் விட்டனர். ஆனால் 2023 ஒக்டோபர் 14 இல், ஆதிக்குடிகளின் ஆலோசனைக் குரலை அரசியலமைப்பிலே சேர்க்கலாமா என்று மக்களைக் கேட்டபோது, ஆறு மாநிலங்களும் மறுத்துவிட்டன. மதிப்புரை கூறும் நாட்டிலேயே அதிகாரத்தைப் பகிர மனம் வரவில்லை. ஆனால் மாபோ தீர்ப்பும் அதன்வழி 1993 இல் வந்த சட்டமும் இன்றும் நிற்கின்றன. விழா ஓய்ந்தாலும் சட்டம் ஓயாது என்பதை நாம் மறக்கலாகாது.

ஆகவே இக்கூட்டத்தின் முன் சில பணிகளை வைக்கிறேன்.

முதலாவதாக, வரும் ஆண்டு இதே விழாவுக்கு வலப்பனைக் கிராமத்தவரையும் தம்பானை, வாகரைப் பெரியோரையும் அழையுங்கள். வேடிக்கைப் பொருளாகக் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள், பேசுவதற்கு அழையுங்கள். அவர்கள் பேச, நாம் கேட்போம்.

இரண்டாவதாக, நம் காணிக் கோரிக்கையைத் திருத்தமாக வரைந்துகொள்வோம். தம்பானையின் காட்டிலே ஓர் அங்குலமும் நமக்கு வேண்டாம். வலப்பனையானின் வயலிலே ஒரு வரம்பும் வேண்டாம். தலைமுறைகளாக நாம் வாழும் லயத்தடியும், நாம் பயிரிடும் மரக்கறிப் பாத்தியும், தோட்டங்களிலே தரிசாய்க் கிடக்கும் காணியுமே நாம் கேட்பவை. 1970 களிலே தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இலிருந்து அவற்றின் முகாமை கம்பனிகளிடம் சென்றது. காணியின் உடைமை அரசிடமே தங்கிற்று. கொடுக்க வேண்டியது அரசு. கொடுப்பதற்குரிய காணி அதனிடம் உண்டு. இதை இப்படித் தெளிவாகச் சொன்னால் நம்மையும் கிராமத்தவனையும் மோதவிட எவராலும் இயலாது.

மூன்றாவதாக, விவசாயப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். லீக்சும் உருளைக்கிழங்கும் விளையும் உங்கள் பாத்திகளின் அருகே ஓடும் ஓடைதான் கீழே மகாவலியாகிறது. ஓடைக்கரையை வெட்டாதீர்கள், நஞ்சைக் கழுவி விடாதீர்கள். கீழுள்ளவனோடு நமக்குள்ள முதல் ஒப்பந்தம் தண்ணீரே.

நான்காவதாக, ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் சட்டம் கற்றோரும் மாதத்தில் ஒரு நாளைத் தோட்டங்களுக்கு ஒதுக்குங்கள். பிறப்புச் சான்று, பழைய செக்ரோல் துண்டு, கூலிப் புத்தகம், வாக்காளர் இடாப்பு ஆகிய ஒவ்வொன்றையும் பிரதி எடுத்து வைக்கச் செய்யுங்கள். 1840 இல் பத்திரம் இல்லாதவன் தோற்றான். 1948 இலும் பத்திரம் இல்லாதவன் தோற்றான். மூன்றாம் முறை நாம் தோற்கலாகாது. காணி உறுதி வரும் நாளிலே, அளந்த வரைபடத்தோடும் வீட்டுத் தலைவியின் பெயரோடும் வரவேண்டும் என்று வற்புறுத்துங்கள். அனுமதிப் பத்திரத்தை உறுதியென்று சொல்லிக் கையில் தந்தால், வாசித்துப் பார்க்காமல் கையொப்பமிடாதீர்கள்.

அன்பர்களே, முதற்குடி யார் என்னும் வழக்கை இனி நாம் நடத்தவேண்டியதில்லை. அதற்கு விடை தெரிந்தாயிற்று. அந்த முதற்குடிக்கு அதன் காடும், கிராமத்தவனுக்கு அவன் கதையும், உழைத்தவனுக்கு அவன் வாழும் மண்ணும் சட்டத்தின் வழியே உறுதியாகும் நாள்வரை உழைப்போம் என்று இம்மன்றத்திலே உறுதி கொள்வோம்.